மில் வாசலில் கிடக்கும் ஆங்கிலம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையடிவாரப் பக்கம் இருக்கிறது மம்சாபுரம். அங்கே எந்தத் தெருவில் காது கொடுத்தாலும் ஆங்கிலம் கேட்கும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் டாஃபிங், கார்டிங், சிம்ப்ளெக்ஸ், கோன் வைண்டிங், நாற்பதாம் கவுண்ட் என்று பேசிக்கொண்டே போவார்கள். கல்லூரிக்குப் போகிற பையன் அரியரை நினைத்துப் புலம்புவான். சொசைட்டி வாசலில் ஒருவர் இன்னொருவரிடம், “அண்ணாச்சி, லோன் சாங்ஷன் ஆயிருச்சா?” என்று விசாரிப்பார். தாங்கள் ஆங்கிலம் பேசுவதாக இவர்களில் யாரும் நினைப்பதில்லை. இவர்களில் ஒருவர் வீட்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண், கடையில் வாங்கி வந்த சொற்பட்டியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். ஏ எழுத்தில் அபேட், அப்டிகேட், அப்ஹார் என்று தொடங்கி சி-க்கு வரும்போது ஏ மறந்துபோயிருக்கும்.

அந்தப் பட்டியல் மறந்துபோவதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. அகர வரிசை, சொற்களைத் தேடி எடுப்பதற்காக அடுக்கப்பட்ட வரிசை. கற்பதற்கு அது உதவாது. உயர்நிலை ஆங்கிலச் சொற்களுக்குப் போகிற வழி, ஏற்கெனவே கையில் இருக்கிற சொற்களிலிருந்து தொடங்குவதே நல்லது. மில் வேலைக்குப் போகிற ஊர்க்காரர்களின் கையில் அப்படிப்பட்டவை நிறையவே இருக்கின்றன.

அதற்கு முன்னால் எத்தனை சொல் வேண்டும் என்று ஒரு கணக்குப் பார்த்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதி 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 20 தொகுதிகள். அதை முழுதாகத் தெரிந்த ஆங்கிலேயர் ஒருவரும் இல்லை. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்தில், டாக்காவில் வேலை பார்த்தவர். பள்ளியை நடுவில் விட்டுவிடும் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் படிக்கவாவது வர வேண்டுமே என்ற கவலையில், குறைந்த சொற்களைக் கொண்டு வாசிப்பு நூல்கள் தயாரித்தார். அந்த வழியில் 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்கள் இருந்தன. சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கை அந்த இரண்டாயிரமே நிரப்பிவிடும். நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட், கல்லூரிப் பாடநூல்களை அலசி, வெஸ்டின் பட்டியலுக்கு வெளியே அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை 2000ஆம் ஆண்டில் தொகுத்தார். அவை மட்டும் பாடநூல் ஆங்கிலத்தில் பத்தில் ஒரு பங்கு. நாவலையும் செய்தித்தாளையும் அகராதியைத் தொடாமல் படிக்க வேண்டுமானால் எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று, அதே நாட்டின் பால் நேஷன் 2006இல் கணக்குச் சொன்னார்.

சொற்குடும்பம் என்றால் ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும். டிசைட், டிசிஷன், டிசைசிவ், இன்டிசிஷன் எல்லாம் ஒரே வீடு. பிளஸ் டூ வரை ஒழுங்காகப் படித்தவருக்கு முதல் இரண்டாயிரத்தில் பெரும்பகுதி தெரிந்திருக்கும். கொஞ்சம் முயன்றால் மூவாயிரம். மூவாயிரத்திலிருந்து எட்டாயிரத்துக்குப் போக ஐயாயிரம் குடும்பங்கள். நாளுக்கு ஐந்து என்று வைத்தால் ஆயிரம் நாள், அதாவது மூன்று வருடத்துக்கும் குறைவு. ‘முப்பது நாளில்’ என்று அட்டையில் போட்டிருக்கும் புத்தகங்கள் இந்தக் கணக்கை உங்களிடம் சொல்வதில்லை.

எட்டாயிரத்துக்கு மேலே இருப்பவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 2021இல் அமெரிக்க தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியில் லூசியானாவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஸைலா அவான்கார்ட் கடைசியாகச் சரியாகச் சொல்லிக் கோப்பையை வென்ற சொல், முர்ரேயா. அது கறிவேப்பிலை மரத்துக்குத் தாவரவியலார் கொடுத்த பேரினப் பெயர். ‘முர்ரேயா கோனிகீ’ என்ற முழுப்பெயரின் பின்பாதி, 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கைக் குறிக்கிறது. கொல்லையில் மரத்தையே வைத்திருக்கும் நமக்கு இந்தச் சொல் தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது. எழுத்துக்கூட்டல் போட்டி ஒரு விளையாட்டு. அதற்கான பயிற்சியும் படிப்பதற்கு, எழுதுவதற்கு, பேசுவதற்கு வேண்டிய பயிற்சியும் வேறு வேறு.

இனி மில்லுக்குப் போவோம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியது 1936இல். அதற்குப் பிறகு அந்த வட்டாரமே பஞ்சும் நூலுமாக மாறியது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி, காஸ் துணி. ரிங் ஃபிரேமில் நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றிவிட்டு வெறும் பாபின்களைச் செருகுகிற வேலைக்குப் பெயர் டாஃபிங். இந்த ‘டாஃப்’ என்ற சொல் மில்லுக்கென்று உண்டானதல்ல. டூ, ஆஃப் என்ற இரண்டும் ஒட்டிப் பிறந்த பழைய ஆங்கிலச் சொல். கழற்று என்று பொருள். அதன் ஜோடி டூ, ஆன் சேர்ந்த ‘டான்’. அணிந்துகொள் என்று பொருள். பழைய நாவல்களில் கனவான்கள் தொப்பியை டாஃப் செய்து வணக்கம் சொல்வார்கள். 2020இல் கொரோனா வார்டுகளில் நர்ஸுகளுக்குக் கவச உடையை எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது என்று கொடுத்த பயிற்சியின் பெயரே டானிங், டாஃபிங்தான். மில்லில் இருபது வருடமாக டாஃபிங் பார்த்தவருக்கு அந்தச் சொல்லை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது மில்லுக்கு வெளியே எங்கெங்கே போகிறது என்று காட்டினால் போதும்.

இப்படி வெளியே போன சொற்கள் ஏராளம். இங்கிலாந்து பல நூற்றாண்டுகள் கம்பளியும் ஆளிநாரும் நூற்ற நாடு. அந்தத் தொழிலின் பேச்சு மொழி முழுவதும் பரவிவிட்டது. ‘யார்ன்’ என்றால் நூல். அளந்துவிடும் நீளமான கதைக்கும் அதே சொல். ஆளிநாரைச் சீவும் முள்சீப்பு வேலைக்கு ‘ஹெக்கிள்’ என்று பெயர். மேடையில் பேசுகிறவரைக் கூட்டத்திலிருந்து குறுக்குக் கேள்வி கேட்டுக் குடைவதும் ஹெக்கிள். பழைய கம்பளியைக் கிழித்து மறுபடி நூற்ற மட்டச் சரக்கு ‘ஷாடி’. இன்று அரைகுறையாகச் செய்த எந்த வேலையும் ஷாடி. நெய்த துணி சுருங்காமல் இழுத்துக் கட்டும் சட்டம் டென்டர். அதன் கொக்கியில் மாட்டிய துணி போல விறைத்து, என்ன ஆகுமோ என்று காத்திருப்பவர் ‘ஆன் டென்டர்ஹுக்ஸ்’. ‘ஸ்பின்ஸ்டர்’ முதலில் நூற்கும் பெண். பிறகு மணமாகாத பெண்ணைக் குறிக்கும் சட்டச் சொல்லாகி, கடைசியில் ஏளனம் ஏறி, இப்போது நாகரிகமாகப் பேசுகிறவர்கள் தவிர்க்கிற சொல். துப்பு என்ற பொருளில் வரும் ‘க்ளூ’ ஒரு நூலுருண்டையின் பெயராக இருந்தது. சிக்கலான குகை வழியில் நூலுருண்டையைப் பிரித்துக்கொண்டே போய், அந்த நூலைப் பிடித்துத் திரும்பி வந்த கிரேக்கக் கதையிலிருந்து வந்த பொருள் அது.

இவை உதிரிச் சொற்கள். ஒரு வேர் எப்படிக் குடும்பமாகப் பெருகுகிறது என்பதற்கு ‘டெக்ஸ்டைல்’ நல்ல உதாரணம். லத்தீனில் நெய்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல் அது. டெக்ஸ்ட் என்றால் சொற்களால் நெய்தது. டெக்ஸ்சர், நெசவின் தன்மை, அதிலிருந்து எதனுடைய மேற்பரப்பின் தன்மையும். கான்டெக்ஸ்ட், ஒன்றோடொன்று சேர்த்து நெய்யப்பட்டவை. ஒரு சொல்லைச் சுற்றி நிற்பவை. ப்ரீடெக்ஸ்ட், உண்மைக்கு முன்னால் நெய்து தொங்கவிட்ட திரை, அதாவது சாக்கு. டிஷ்யூ என்ற சொல்லும் பிரெஞ்சு வழியாக அதே வேரிலிருந்து வந்ததுதான். அதனால்தான் உடம்பின் திசுவுக்கும் மெல்லிய காகிதத்துக்கும் ஒரே பெயர். ஒன்றைப் பிடித்தால் ஆறு வருகிறது. நெசவுக்கும் எழுத்துக்கும் உள்ள இந்த உறவு தமிழ்க்காரருக்குப் புதிதும் அல்ல. நாம் இழைக்கும், புத்தகத்துக்கும் நூல் என்றே சொல்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் சொல்லைப் பஞ்சாகவும் புலவரை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்திருக்கிறார். லத்தீன்காரன் தறியில் கண்டதைத் தமிழன் கதிரில் கண்டான்.

சொசைட்டி வாசலில் கேட்ட ‘சாங்ஷன்’ இன்னொரு நல்ல தொடக்கம். புனிதம் என்ற பொருளுள்ள லத்தீன் வேர் அதற்குள் இருக்கிறது. சாங்டிட்டி, புனிதத்தன்மை. சாங்டம், கருவறை, ஆண்டாள் கோயிலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்தச் சொல் இல்லாமல் எழுத முடியாது. சாங்ச்சுவரி, சரணாலயம். சாங்டிமோனியஸ், தன்னைப் பெரிய புனிதராகக் காட்டிக்கொள்ளும் குணம். சாங்ஷன் முதலில் மீற முடியாதபடி புனிதமாக்கப்பட்ட சட்டம். சட்டம் அனுமதியும் கொடுக்கும், தண்டனையும் கொடுக்கும்; அதனால் சொல்லும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வங்கி கடனை சாங்ஷன் செய்தால் சந்தோஷம். அமெரிக்கா ஒரு நாட்டின் மீது சாங்ஷன்ஸ் விதித்தது என்று பத்திரிகையில் வந்தால் அது பொருளாதாரத் தடை. லோன் விஷயம் மட்டும் தெரிந்தவர் இந்தச் செய்தியைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

சரணாலயம் என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெயர்ப்பலகை நினைவுக்கு வர வேண்டும். 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயத்தின் ஆங்கிலப் பெயரில் ‘கிரிஸில்டு ஸ்குவிரல்’ என்று இருக்கும். 2021இல் மேகமலையோடு சேர்த்து அது புலிகள் காப்பகமாகிவிட்டது. அந்த ‘கிரிஸில்டு’ என்ற சொல் எந்தத் தேர்வுப் பட்டியலிலும் அநேகமாக இருக்காது. நரையோடிய என்று பொருள். ஆங்கில எழுத்தாளர்கள் நரைத்த தாடி விவசாயியை, அனுபவப்பட்ட பழைய சிப்பாயை அப்படித்தான் வர்ணிப்பார்கள். காதுக்கு அதன் பக்கத்தில் நிற்கும் ‘கிரிஸ்லி’ என்பது எழுத்து மாறினால் வேறு ஆள்: குரூரமான கொலைச் செய்தியில் வருவது அது. பலகையை ஒரு தடவை கூர்ந்து படித்தவருக்கு இரண்டையும் பிரிப்பது சுலபம்.

வேர் பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. முன்னால் ‘இன்’ வந்தால் எதிர்மறை என்று எல்லா இடத்திலும் நம்பிவிடக் கூடாது. இன்வாலுவபிள் என்றால் மதிப்பில்லாதது அல்ல, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. இன்ஃப்ளேமபிள் என்று லாரியில் எழுதியிருந்தால் தீப்பிடிக்காது என்று நினைத்துப் பக்கத்தில் பீடி பற்றவைக்க வேண்டாம்.

பொருள் தெரிந்துவிட்டால் சொல் தெரிந்துவிட்டதா? இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தமிழில் தண்ணீர், நீர், ஜலம், தீர்த்தம் நான்கும் ஒன்றுதான். ஆனால் கோயிலில் பட்டரிடம் “தண்ணி குடுங்க சாமி” என்று கேட்க மாட்டோம். வீட்டில் “அம்மா, தீர்த்தம்” என்று கூப்பிட மாட்டோம். ஆங்கிலத்திலும் இப்படி அடுக்குகள் உண்டு. பழைய ஜெர்மானிய வழி வந்த வீட்டுச் சொல், 1066க்குப் பிறகு நார்மன் ஆட்சியோடு வந்த பிரெஞ்சு சொல், படிப்பாளிகள் கொண்டுவந்த லத்தீன், கிரேக்கச் சொல். ஆஸ்க், கொஸ்டின், இன்டராகேட் மூன்றும் கேட்பதுதான். அப்பா மகனைக் கேட்டால் ஆஸ்க். நிருபர் அமைச்சரைக் கேட்டால் கொஸ்டின். இன்ஸ்பெக்டர் லாக்கப்பில் கேட்டால் இன்டராகேட். வேலைக்கான கடிதத்தில் எல்லா இடத்திலும் மூன்றாவது அடுக்கைப் போட்டு நிரப்பினால் ஆங்கிலம் உயர்ந்துவிடாது, கல்யாணப் பத்திரிகைத் தமிழில் மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதியது போல் இருக்கும்.

அடுக்கு மட்டுமல்ல, துணைச்சொல்லும் முக்கியம். தமிழில் ‘போடு’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு பாதி வாழ்க்கையை ஓட்டிவிடலாம். டீ போடு, கோலம் போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, ஊசி போடு, தாழ்ப்பாள் போடு, ஓட்டுப் போடு, திட்டம் போடு. ஆங்கிலத்தில் இந்த எட்டுக்கும் ஒரே வினை கிடையாது. டீயை மேக் செய்ய வேண்டும், கோலத்தை ட்ரா செய்ய வேண்டும், கையெழுத்துக்கு சைன் போதும், சண்டையை பிக் செய்ய வேண்டும், ஊசியை கிவ், தாழ்ப்பாளை போல்ட், ஓட்டை காஸ்ட், திட்டத்தை ட்ரா அப். ‘புட்’ என்பதை எல்லா இடத்திலும் வைத்து நாம் பேசுகிற ஆங்கிலம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? காஸ்ட், பிக், ட்ரா எல்லாம் எளிய சொற்கள். அவற்றைச் சரியான துணையோடு வைக்கத் தெரிவதும் உயர்நிலைச் சொல்வளத்தில் சேர்ந்ததுதான். என்னைக் கேட்டால் அரிய சொற்களைவிட இதுவே பெரிய பாதி. ஒன்றை மட்டும் நாம் ஏற்கெனவே பிழையில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். டீக்கடையில் எல்லோரும் ‘ஸ்ட்ராங் டீ’ என்கிறார்கள். யாரும் ‘பவர்ஃபுல் டீ’ கேட்பதில்லை. காருக்கு எஞ்சின் பவர்ஃபுல். இந்தக் காது எல்லாச் சொல்லுக்கும் வளர வேண்டும்.

தமிழில் புழங்கிப் பொருள் மாறிவிட்ட ஆங்கிலச் சொற்களும் உண்டு. அவை கொஞ்சம் ஏமாற்றும். “பையன் சின்சியரா படிக்கிறான்” என்று நாம் சொன்னால் கருத்தாகப் படிக்கிறான் என்று பொருள். ஆங்கிலத்தில் சின்சியர் என்றால் உள்ளொன்று புறமொன்று இல்லாதவன். நாம் சொல்ல நினைப்பதற்கு டிலிஜென்ட் என்ற சொல் இருக்கிறது. “இன்னைக்கு க்ளைமேட் சூப்பர்” என்பதில் உள்ளது வெதர். க்ளைமேட் பல வருடச் சராசரி. கல்லூரிப் பையனின் அரியர், ஆங்கிலத்தில் பெரும்பாலும் கட்டாமல் நிலுவையில் நிற்கும் பணம், அதுவும் பன்மையில். அரசு ஊழியர் சொல்கிற அகவிலைப்படி அரியர்ஸ்தான் அசல் பொருளுக்கு நெருங்கியது. இவற்றைத் தமிழ்ப் பேச்சில் திருத்தத் தேவையில்லை. ஆங்கிலம் எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும்.

நினைவில் நிறுத்துவது எப்படி? ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எப்போது எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் புத்தகமாக எழுதினார். மறதி முதல் நாளிலேயே செங்குத்தாக இறங்குகிறது; பிறகு மெதுவாகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் சரிவு குறைகிறது. ஆகவே புதிதாகப் பார்த்த சொல்லை அன்று இரவு, மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் படிப்பது அல்ல. பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு மனதிலிருந்து எடுக்க முயல வேண்டும். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் நடத்திய சோதனையில், திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களைவிடத் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். நோட்டில் இடப்பக்கம் சொல்லும் அது வந்த வாக்கியமும், வலப்பக்கம் பொருள், துணைச்சொல், குடும்பம். வலப்பக்கத்தை மடித்துவிட்டால் தேர்வுத்தாள் தயார். சிவகாசி பக்கத்தில் இருக்கும்போது நோட்டுக்கு என்ன பஞ்சம்.

அகராதிக்கு இரண்டு கட்டம் உண்டு. முதலில் ஆங்கிலம்–தமிழ்: வீடுகளில் லிஃப்கோ இருக்கும், நூலகத்தில் அ. சிதம்பரநாதச் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட பெரிய அகராதி இருக்கும். நுட்பமான சொல்லுக்குத் தமிழில் எத்தனை நிழல்கள் உண்டு என்று பார்க்க அதுதான் நல்லது. அடிப்படை இரண்டாயிரம் கைவந்ததும் ஆங்கிலம்–ஆங்கிலத்துக்கு மாறிவிட வேண்டும். அதுவும் கற்பவர்களுக்கென்றே செய்தது. ஜப்பானில் ஆசிரியராக இருந்த ஏ.எஸ். ஹார்ன்பி 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக உலகம் சுற்றியது. ஒரு வினை எந்த அமைப்பில் வரும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் அதன் சிறப்பு. 1978இல் வந்த லாங்மேன் அகராதி எல்லாச் சொல்லுக்கும் விளக்கத்தைச் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியது. வெஸ்ட் டாக்காவில் தொடங்கியது இங்கே வந்து சேர்ந்தது. இப்போது இவை செல்போனிலேயே உச்சரிப்போடு கிடைக்கின்றன. உச்சரிப்பைக் கேட்காமல் எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்லைக் கற்றுக்கொள்ள வேண்டாம். ஆங்கில எழுத்து அந்த விஷயத்தில் நம்பத்தகாதது.

எதைப் படிப்பது? ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் தொடங்கி மூன்றாம் நாளே கைவிட்டவர்கள் நிறையப் பேர். அதற்குப் பதில், காலையில் தினத்தந்தியிலோ தினமலரிலோ படித்த அதே செய்தியை ஆங்கிலத் தாளில் தேடிப் படியுங்கள். நடந்தது என்ன என்று முன்பே தெரியும் என்பதால் தெரியாத சொல்லின் பொருளை மனம் தானே ஊகிக்கும். நேற்று டி.வி.யில் பார்த்த கிரிக்கெட் ஆட்டத்தின் விமர்சனமும் அப்படித்தான். ஒரே விஷயத்தைத் தொடர்ந்து பத்து நாள் படித்தால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பருத்தி விலையைப் பற்றிப் பத்து நாள் படித்தால் வொலட்டைல், ஸ்லம்ப், சர்ஜ், சப்சிடி, ஸ்பாட் ப்ரைஸ், இன்வென்டரி எல்லாம் நோட்டில் ஏறிவிடும். மில் வேலைக்காரர் வீட்டில் அந்தச் செய்திக்குப் பொருளும் உண்டு. பஞ்சு விலை ஏறினால் மில்லில் எத்தனை ஷிஃப்ட் ஓடும் என்பது சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை என்பதே கவுண்ட் என்று அப்பாவுக்குத் தெரியும். சிட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹாங்க்’ என்று மகள் சொன்னால், மில்லில் அதைத் தினமும் கேட்கிற அவர், “அதைத்தான் நானும் சொல்றேன்” என்பார்.